இடுப்புக்கு வரும் கை: மரபுக் கராத்தேயைப் புதிதாகக் கற்பவர்களுக்கு

கராத்தே வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே ஒரு சந்தேகம் வந்துவிடும். வலக்கை குத்தும்போது இடக்கை முஷ்டியாக மடங்கி இடுப்புக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. இடக்கை குத்தினால் வலக்கை இடுப்புக்கு வருகிறது. முகத்தைக் காக்க வேண்டிய கையை இடுப்பில் கொண்டுபோய் வைத்தால் எதிராளி முகத்தில் அறைய மாட்டானா? குத்துச்சண்டை வீரர்கள் யாரும் அப்படி நிற்பதில்லையே?

நியாயமான கேள்வி. 'அப்படிச் செய்தால்தான் குத்துக்கு வேகம் வரும்' என்பது பல வகுப்புகளில் கிடைக்கும் பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. பழைய ஒகினாவா முறையில் அந்தக் கை வெறுமனே திரும்பி வருவதில்லை. எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடித்து, அவனை நிலைகுலைய இழுத்துக்கொண்டு வருகிறது. இழுபட்டு முன்னால் சாயும் உடலை மற்ற கை சந்திக்கிறது. இதற்கு ஜப்பானிய மொழியில் ஹிக்கித்தே என்று பெயர். பொருள்: இழுக்கும் கை.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மரபுக் கராத்தேயின் மீதி அசைவுகளும் மெல்ல மெல்லப் புரியத் தொடங்கும். ஏனென்றால் இக்கலையின் பெரும்பகுதி, இரண்டு வீரர்கள் ஆறடி தள்ளி நின்று மோதும் போட்டிக்காக உருவானதல்ல. ஒருவன் வந்து கையைப் பிடிக்கிறான், சட்டையைக் கொத்தாகப் பற்றுகிறான், தள்ளுகிறான், கையை வீசி அறைகிறான். அந்த நெருக்கத்துக்காக உருவானது.

எங்கிருந்து வந்தது

கராத்தேயின் தாய்மண் ஒகினாவா. அந்தத் தீவு ஒருகாலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்து, சீனாவோடு நெருங்கிய வணிகம் வைத்திருந்தது. 1879இல்தான் அது ஜப்பானின் ஒரு மாவட்டமானது. அங்கே வழங்கிய கைச்சண்டை முறைக்கு 'தே', அதாவது 'கை' என்று பெயர். சீனத்திலிருந்து வந்த முறைகளும் அதில் கலந்தன. ஷூரி, நாஹா, தோமாரி என்று ஊர்ப்பெயராலேயே அதன் பிரிவுகளை அழைப்பதும் உண்டு.

மறைவாகவும் தனித்தனியாகவும் சொல்லிக்கொடுக்கப்பட்ட இந்தக் கலையை 1901இல் ஒகினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் இதோசு அன்கோ. ஐம்பது குழந்தைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்லிப் பயிற்றுவிக்க ஏற்றபடி ஐந்து சிறு கட்டாக்களை, அதாவது அசைவுத் தொடர்களை, தொகுத்தவரும் அவரே. அவற்றின் பெயர் பினான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழுத்தை முறுக்கவும் கண்ணைக் குத்தவும் சொல்லித்தர முடியாது அல்லவா? அதனால் அசைவுகள் உடற்பயிற்சியாக முன்னுக்கு வந்தன, அவற்றின் பயன் பின்னுக்குப் போனது. இழுக்கும் கையின் பொருள் மங்கத் தொடங்கியது இங்கேதான் என்பது எங்கள் கருத்து.

இதோசுவின் மாணவர்களில் ஒருவரான ஃபுனாகோஷி கிச்சின் 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். பல்கலைக்கழக மாணவர்களிடையே அது பரவியது. ஜூடோவைப் பார்த்து வெள்ளை உடையும், 'தான்' எனப்படும் கறுப்பு பெல்ட் தரநிலைகளும் கராத்தேக்கு வந்தன. ஃபுனாகோஷி தம் முதல் 'தான்' சான்றிதழ்களைக் கொடுத்தது 1924இல். அதுவரை 'சீனக் கை' என்ற பொருளில் எழுதப்பட்டுவந்த சொல், 'வெறுங்கை' என்ற பொருள் தரும் எழுத்தால் எழுதப்படலாயிற்று. 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடிய ஆசிரியர்கள் அந்தப் பெயரையே பொதுவாக ஏற்றார்கள். ஒகினாவா இன்றும் அந்த நாளைக் கராத்தே தினமாகக் கொண்டாடுகிறது.

ஃபுனாகோஷியின் வழி ஷோட்டோகான் ஆனது. மியாகி சோஜுன் கோஜு ரியூவையும், மபுனி கென்வா ஷித்தோ ரியூவையும், ஓட்சுகா ஹிரோனோரி வாடோ ரியூவையும் நிறுவினார்கள். ஜப்பானில் நான்கு பெரும் பிரிவுகள் என்று இவற்றைத்தான் சொல்வார்கள். ஷோட்டோகானில் நிலைகள் நீளம், தாழ்வு. கோஜு ரியூவில் நிலைகள் குட்டை, மூச்சுப் பயிற்சி அதிகம். புதிதாகத் தொடங்குபவர் எந்தப் பிரிவு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அருகில் இருக்கும் நல்ல ஆசிரியரே சரியான பிரிவு. கீழே ஷோட்டோகானை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் கராத்தேக்கு மூலவர் என்று தமிழ்நாட்டில் அடிக்கடி கேட்கிறோம். போதிதர்மரை உடற்பயிற்சியோடு இணைக்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. அவரிடமிருந்து ஒகினாவா வரை ஒரு நேர்க்கோடு போடச் சான்று இல்லை. கராத்தேயை நேசிக்க அந்தக் கோடு தேவையும் இல்லை.

முஷ்டியிலிருந்து தொடங்குவோம்

கிஹோன், கட்டா, குமிதே. எந்த டோஜோவுக்கு, அதாவது பயிற்சிக்கூடத்துக்கு, போனாலும் பயிற்சி இந்த மூன்றாகத்தான் பிரிந்திருக்கும். கிஹோன் என்றால் அடிப்படை அசைவுகள். கட்டா என்றால் அந்த அசைவுகளைக் கோத்த தொடர். குமிதே என்றால் இன்னொரு ஆளோடு செய்யும் பயிற்சி.

அடிப்படையில் முதலாவது முஷ்டி. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து சுருட்டி, நகங்கள் உள்ளங்கையில் பதியும்படி மடக்குங்கள். கட்டைவிரல் வெளியே, சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் மேல் குறுக்காகப் படிய வேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினால் முதல் அடியிலேயே அது பிசகும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் எதிராளியின் துணியில் மாட்டும். இலக்கில் படவேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய இரண்டின் கணுக்கள் மட்டும். அந்த இரண்டு கணுக்களும் முன்கை எலும்பின் நேர்க்கோட்டில் இருப்பதால் அடியின் எதிர்விசை நேராக முழங்கைக்குப் போகிறது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மெல்லியது, தாங்காது. கோபத்தில் சுவரைக் குத்துபவர்களுக்கு முறிவது பெரும்பாலும் அந்த எலும்புதான்.

மணிக்கட்டு மேலேயும் கீழேயும் வளையக் கூடாது. சரிபார்க்க எளிய வழி: முஷ்டியை மடக்கி, முன்கையின் மேல்பக்கம் ஒரு ஸ்கேலை வையுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு தரையில் அந்த இரண்டு கணுக்களை மட்டும் ஊன்றி, முட்டி போட்டபடி சிறிது எடையை ஏற்றிப் பாருங்கள். மணிக்கட்டு ஆடுகிறதென்றால் இப்போதைக்கு எதையும் பலமாகக் குத்த வேண்டாம்.

நேர்குத்து விலா எலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்புகிறது. அங்கே உள்ளங்கைப் பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும். முழங்கை விலாவை உரசிக்கொண்டே முன்னால் போகிறது. கை கடைசி ஓரிரு அங்குலத்தில்தான் திரும்புகிறது. அதற்கு முன்பே திருப்பினால் முழங்கை வெளியே விரிந்து, குத்து வளைந்துவிடும். அதேவேளையில் மற்ற கை, அதே வேகத்தில், இடுப்புக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும். வயிற்றுக்கான குத்து நெஞ்சுக்கூட்டின் அடியில் உள்ள குழியின் உயரத்திலும், முகத்துக்கான குத்து உங்கள் மேவாய் உயரத்திலும், இரண்டுமே உடலின் நடுக்கோட்டிலும் முடிய வேண்டும்.

இங்கே நேரும் பிழைகள் பெரும்பாலும் மூன்று. தோள் காதுவரை ஏறிவிடும். அப்போது முதுகுத் தசை வேலை செய்யாது, கை மட்டும்தான் குத்தும். குத்தும் தோள் முன்னால் பிதுங்கும். யாராவது அந்தக் கையை இழுத்தால் உடல் கூடவே போகும். மூன்றாவதுதான் உடலுக்குக் கெடுதல்: காற்றில் குத்தும்போது முழங்கையை முழுசாக உதறி நீட்டுவது. தடுக்க ஒரு பொருள் இல்லாததால் மூட்டே அந்த வேகத்தைத் தாங்குகிறது. ஆறு மாதம் இப்படிச் செய்தால் முழங்கையின் பின்பக்கம் வலி தங்கிவிடும். ஒரு துளி மடிப்பு மிச்சம் வைத்து நிறுத்துங்கள்.

மூச்சு, குத்து முடியும் கணத்தில் வெளியேற வேண்டும். மூச்சை அடக்கிக் குத்துபவர் ஒரு நிமிடத்தில் களைத்துப் போவார். கியாய் என்ற கத்தல் இந்த வெளிமூச்சின் உச்சம். தொண்டையிலிருந்து கிளம்பினால் குரல் கம்மும், அடிவயிற்றிலிருந்து வந்தால் கம்மாது.

கால் சொல்வதைத்தான் கை செய்யும்

ஜென்குட்சு தாச்சி என்ற முன்சாய்வு நிலையைப் பார்ப்போம். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே நீளம் ஏறக்குறைய தோள் அகலத்தைப் போல் இரு மடங்கு. பக்கவாட்டில் இடைவெளி இடுப்பு அகலம். எடையில் முன்காலுக்கு 60 விழுக்காடு, பின்காலுக்கு 40. முன்முட்டி கால் கட்டைவிரலுக்கு நேர் மேலே நிற்கும். பின்கால் நீண்டிருக்கும், குதிகால் தரையில் ஒட்டியிருக்கும், பாதம் இயன்றவரை முன்னோக்கித் திரும்பியிருக்கும்.

புதியவர்கள் கயிற்றில் நடப்பதுபோல் இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். தோழர் ஒருவர் தோளில் விரலால் தள்ளினாலே சாய்ந்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது முன்முட்டி உள்பக்கம் சரிவது. முட்டி ஒரு திசையும் பாதம் இன்னொரு திசையும் பார்த்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியின் உள்பக்கத் தசைநார் இழுபடுகிறது. நிலையை நீளமாக்கினால்தான் அழகு என்று, இடுப்பு இளகும் முன்பே இறங்குபவர்களுக்கு இது கட்டாயம் வரும். முதல் மூன்று மாதம் நிலையைக் கொஞ்சம் குட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் திட்டினாலும் முட்டி உங்களுடையது.

இன்னும் இரண்டு நிலைகள் ஆரம்பத்தில் வரும். கோகுட்சு தாச்சியில் எடையின் 70 விழுக்காடு பின்காலில் இருக்கும். கிபா தாச்சி குதிரையில் அமர்ந்தது போன்ற நிலை, இரண்டு காலிலும் சமமாக 50. நீளமான நிலையில் யாரும் தெருவில் நிற்கப் போவதில்லை. அந்த நிலை தொடையை வலுவாக்குகிறது. எடையை முன்னால் கொண்டுபோய் ஒருவர்மேல் ஏற்றும் கணத்தை உடலுக்குப் பழக்குகிறது. அந்தக் கணத்தின் நிழற்படம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னுதையான மாயே கேரிக்கு நான்கு பகுதிகள். முட்டியை உயர்த்து, உதை, மடக்கி இழு, கீழே வை. விரல்களைப் பின்னால் வளைத்து, பாதத்தின் முன்பகுதிச் சதையால் உதைக்க வேண்டும். விரல்களைப் பின்னால் வளைக்காமல் உதைத்தால் கட்டைவிரல் பிசகும். முட்டியை உயர்த்தாமல் காலை ஊஞ்சல் போல வீசுவது எல்லோருக்கும் வரும் பிழை. மூன்றாவது பகுதியான மடக்கி இழுத்தலை விட்டுவிட்டால், உதைத்த கால் எதிராளியின் கைக்குப் போய்விடும். தற்காப்புக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்: இடுப்புக்கு மேல் உதைக்காதீர்கள். புடவையிலும் இறுக்கமான ஜீன்ஸிலும் ஈரமான தரையிலும் தலை உயர உதை உங்களைத்தான் கீழே தள்ளும். முட்டியும் கவட்டும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கட்டா எதற்கு?

கராத்தேயில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கட்டா. சிலருக்கு அது நடனம். சிலருக்கு அது பெல்ட் தேர்வுப் பாடம். நான்கு பக்கமிருந்தும் நான்கு பேர் முறை வைத்து வந்து தாக்குவதாகக் கற்பனை செய்யச் சொல்லும் வகுப்புகளும் உண்டு. அப்படி வரிசையாக வந்து தாக்கும் நான்கு பேரை உலகில் எங்கும் காண முடியாது. எழுதி வைக்கும் பழக்கம் குறைந்த காலத்தில், ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்த பிடி, விடுவிப்பு, அடிகளை மறக்காமல் இருக்கத் தொடராகக் கோத்து வைத்தது கட்டா. நம் ஊரில் வாய்ப்பாட்டை ராகம் போட்டு மனப்பாடம் செய்தது போல. வாய்ப்பாடு தெரிந்தால் மட்டும் கணக்கு வந்துவிடாது. ஆனால் வாய்ப்பாடு இல்லாமல் கணக்கு ஓடாது.

இதோசுவின் பினான் கட்டாக்களை ஃபுனாகோஷி ஹெய்யான் என்று பெயர் மாற்றினார். எளிதாக இருக்கட்டும் என்று முதலிரண்டின் வரிசையையும் மாற்றி வைத்தார். அதனால் ஷோட்டோகான் மாணவரின் ஹெய்யான் ஷோதான், மற்றப் பிரிவுகளில் பினான் நிதான். அதில் 21 அசைவுகள். ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய்.

முதல் அசைவு: இடப்பக்கம் திரும்பி, இடக்கால் முன்னால் வைத்து, இடக்கையை வலக்காதருகிலிருந்து கீழே இறக்குவது. பெயர் கெதான் பராய். புத்தகங்களில் இதைக் 'கீழ்த் தடுப்பு' என்றே காண்பீர்கள், வரும் உதையை முன்கையால் தட்டிவிடுவதாக. ஆனால் ஓடிவரும் உதையின் எலும்பில் முன்கையை மோதினால் முறிவது எது என்று யோசித்துப் பாருங்கள். இப்போது இழுக்கும் கையை நினைவில் வைத்து மறுபடி பாருங்கள். ஒருவன் உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான். நீங்கள் வலக்கையை இடுப்புக்கு இழுக்கிறீர்கள். காதருகில் இருந்த இடது முஷ்டி அவனுடைய முன்கையின் மேல் சுத்தியலாக இறங்குகிறது. பிடி விடுகிறது, அவன் உடல் முன்னால் குனிகிறது. இரண்டாவது அசைவு, வலக்கால் முன்னேறி நேர்குத்து. அவன் முகம் எங்கே வந்து நிற்கும் என்பதைக் கட்டாவே சொல்லிவிட்டது.

இப்படி அசைவின் பயனை எடுத்து ஆராய்வதற்குப் பெயர் புன்காய். நான்காவது அசைவும் இதே வகை. முன்னால் இருந்த வலக்காலைப் பின்னால் இழுத்து, வலக்கையை வட்டமாகச் சுழற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து அடிப்பது. மணிக்கட்டை இறுகப் பிடித்தவனிடமிருந்து உடல் எடையால் கையை உருவிக்கொண்டு, அதே வட்டத்தில் அவனுடைய காறை எலும்பில் இறக்குவது. அகே உகே என்ற மேல்தடுப்பு மூன்று முறை வருகிறதே, அங்கே முதலில் திறந்த கை மேலே போகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் திறந்த கை, நீண்டு வரும் கையைப் பற்றி இழுக்கிறது. மற்ற முன்கை அவன் தாடைக்கு அடியில் ஏறுகிறது. 'உகே' என்ற சொல்லே 'ஏற்றுக்கொள்' என்ற பொருளுள்ள உகேரு என்ற வினையிலிருந்து வந்தது. தடு என்ற பொருள் அதற்கு இல்லை.

கட்டாவில் ஒரு அசைவுக்கு ஒரே பொருள்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் சற்று எச்சரிக்கையாக இருங்கள். ஒரே அசைவு தூரத்தைப் பொறுத்து விடுவிப்பாகவும் அடியாகவும் மாறும். ஆனால் எந்த விளக்கமும் முரண்டு பிடிக்கும் தோழரிடம் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொரு ஆள் வேண்டும்

தனியாக ஆயிரம் குத்து குத்தினாலும் தூரம் கைவராது. அதற்குத்தான் குமிதே. தொடக்கத்தில் கோஹோன் குமிதே: ஒருவர் ஐந்து அடி முன்னேறி ஐந்து குத்து விடுவார், மற்றவர் ஐந்து முறை பின்வாங்கி ஏற்று, கடைசியில் திருப்பிக் குத்துவார். பிறகு ஒரே தாக்குதல் வைக்கும் இப்போன் குமிதே. எந்த இடத்தில் தாக்கப்போகிறோம் என்று முன்பே அறிவித்துவிட்டுத்தான் தாக்க வேண்டும். சுதந்திரமாக மோதும் ஜியூ குமிதே இதற்கெல்லாம் பிறகு.

இங்கே பயிற்சி கெட்டுப்போவது தற்காப்பவரால் அல்ல, தாக்குபவரால். நண்பருக்கு அடிபடக் கூடாதே என்று முகத்துக்குப் பக்கத்தில், காற்றில் குத்துவார்கள். தற்காப்பவர் கையைத் தூக்காமல் நின்றாலும் அடி படாது. இதனால் இருவரும் பொய்யான தூரத்தைப் பழகுகிறார்கள். மெதுவாகக் குத்துங்கள், ஆனால் மூக்கை நோக்கியே குத்துங்கள். ஏற்காவிட்டால் தொடும்படி குத்துங்கள். வேகத்தைக் குறைப்பது அன்பு. இலக்கை மாற்றுவது அன்பு அல்ல.

மரபில் அடியை உடலுக்குச் சற்று முன்னால் நிறுத்துவதற்கு சுன்தொமே என்று பெயர். சுன் என்பது ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அளவு. முழு வேகத்தில் கிளம்பிய முஷ்டியை மூன்று சென்டிமீட்டர் முன்னால் நிறுத்துவது, குத்தி முடிப்பதைவிடக் கடினம். மூர்க்கத்தோடு வந்து சேர்ந்த இளைஞர்கள் இரண்டு ஆண்டில் சாந்தமாவதைப் பார்த்துப் பெற்றோர் வியப்பார்கள். அதில் உபதேசத்தின் பங்கைவிட இந்தப் பயிற்சியின் பங்கு பெரிது.

இருவருக்கிடையே உள்ள தூரத்தை மாஆய் என்பார்கள். ஓரடி எடுத்து வைத்தால்தான் தொட முடியும் என்ற தூரம் பயிற்சியின் எல்லைக்கோடு. வெளியே அதையே இரண்டு கை நீளம் என்று நினைவில் வையுங்கள். சண்டைக்கு வரும் ஒருவர் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டால், கண்ணால் பார்த்துக் கையால் தடுக்க நேரம் இருக்காது. எவ்வளவு தேர்ந்தவருக்கும் இருக்காது.

தற்காப்பு என்றால்

தெருவில் வகுப்புக் குத்து வராது. தள்ளல், சட்டைப் பிடி, கைப்பிடி, மயிர்ப்பிடி, பக்கவாட்டிலிருந்து வீசும் அறை. இவைதான் வரும். ஆகவே மேலே சொன்ன மணிக்கட்டு விடுவிப்பைத் தோழரோடு மூன்று படிகளில் பழகுங்கள். முதல் படியில் அவர் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நான்கு விரலும் கட்டைவிரலும் சந்திக்கும் இடமே பிடியின் வாசல். உங்கள் மணிக்கட்டின் ஒல்லியான விளிம்பை அந்த வாசலை நோக்கித் திருப்பி, முழங்கையை விலாவுக்கு இழுங்கள். இரண்டாம் படியில் அவர் பிடித்து இழுக்கட்டும். இழுப்பை எதிர்க்காமல் அதே திசையில் ஓரடி உள்ளே போய்ச் செய்யுங்கள். மூன்றாம் படியில் இழுத்துக்கொண்டே மற்ற கையால் முகத்துக்கு அறையட்டும். முதல் படியில் பத்து முறை தவறாமல் வராதவர் மூன்றாம் படிக்குப் போகக் கூடாது. முதல் படியோடு நின்றுவிடவும் கூடாது. பல வகுப்புகள் நின்றுவிடுவது அங்கேதான்.

மண்டை எலும்பை முஷ்டியால் குத்துவது கைக்கு ஆபத்து. முகத்துக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பயன்படுத்துங்கள். கராத்தேயில் அதற்கு தெய்ஷோ என்று பெயர். முஷ்டியின் அடிப்பக்கத்தால் அடிக்கும் தெத்சுயியும் அதைப் போலவே பாதுகாப்பானது.

கத்தி தெரிந்தால் ஓடுங்கள். பணப்பையைக் கேட்டால் கொடுங்கள். வாய்ச்சண்டையில் இரண்டு உள்ளங்கைகளையும் திறந்து மார்பு உயரத்தில் முன்னால் வைத்து, பின்னால் நகர்ந்துகொண்டே பேசுங்கள். பார்ப்பவர்களுக்கு அது சமாதானம், உங்களுக்கு அது தயார் நிலை. சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. இந்தியாவில் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. கீழே விழுந்தவனை மேலும் ஓர் உதை உதைத்தால் அது தற்காப்பு அல்ல.

'கராத்தேயில் முதல் அடி இல்லை' என்ற ஃபுனாகோஷியின் வாசகம் காமாகுராவின் எங்காகுஜி கோயிலில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

டோஜோவும் மனமும்

நுழையும்போதும் வெளியேறும்போதும் குனிந்து வணங்குவார்கள். மண்டியிட்டுக் கண்மூடி அமர்வார்கள். உடையின் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிப் போடுவது ஜப்பானில் இறந்தவர்களுக்கு. ஷோட்டோகான் டோஜோக்களில் வகுப்பு முடிவில் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்வார்கள்: குணத்தைச் செம்மையாக்க, உண்மையாயிருக்க, முயற்சியை வளர்க்க, மரியாதையைப் பேண, மூர்க்கத்தை அடக்க. ஐந்தும் 'ஒன்று' என்றே தொடங்கும். இரண்டு, மூன்று என்று எண் போடுவதில்லை. எதுவும் எதற்கும் கீழ் இல்லை என்பதற்காக.

இவற்றைச் சொன்னால் மட்டும் குணம் மாறிவிடாது. தன்னைவிட வலியவரோடு பயிற்சி செய்து பயத்தோடு நிற்கப் பழகுவது, மெலியவரோடு செய்து பலத்தை அடக்கப் பழகுவது, ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அதே நேர்குத்தில் தோளைத் தாழ்த்தச் சொல்லும் திருத்தத்தைக் கேட்டுக்கொள்வது. இவை உடலின் வழியாக நடக்கும் மாற்றங்கள், அதனால் மெதுவாக நடக்கும். வாரம் இரண்டு மூன்று வகுப்பு போனால் கறுப்பு பெல்ட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். முதல் தானுக்கு ஜப்பானியப் பெயர் ஷோதான், 'தொடக்கப் படி' என்று பொருள்.

ஒரு வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஜோடியாகப் பயிற்சி நடக்கிறதா? கட்டாவின் ஒரு அசைவைக் காட்டி 'இது எதற்கு, மாஸ்டர்?' என்று கேட்டால் ஒரு மாணவரை அழைத்துச் செய்து காட்டுகிறாரா, சலித்துக்கொள்கிறாரா? அடிபட்ட மாணவரை உட்கார வைக்கிறார்களா, தொடரச் சொல்கிறார்களா? தேர்வுக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதை முதலிலேயே கேளுங்கள். குழந்தைகளை ஓடு உடைக்க வைக்கும் இடம் வேண்டாம். வளரும் எலும்புக்கு அது கேடு.

வீட்டில் இருபது நிமிடம்

வகுப்பு இல்லாத நாளில் இருபது நிமிடம் போதும். மூட்டுகளைச் சுழற்றி உடலைச் சூடாக்க ஐந்து நிமிடம். நின்ற இடத்தில் நேர்குத்து, மெதுவாக முப்பது, வேகமாக இருபது. ஒவ்வொரு காலுக்கும் முன்னுதை பதினைந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு. மெழுகிய டைல்ஸ் தரை வழுக்கும். சொரசொரப்பான மொட்டை மாடி நல்லது, ஆனால் வெயில் ஏறும் முன்.

மீதி நேரத்துக்கு ஹெய்யான் ஷோதான் மூன்று முறை. முதல் முறை மெதுவாக, நிலைகளை மட்டும் கவனித்து. இரண்டாவது முறை, இடுப்புக்கு வரும் கை யாருடைய மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு வருகிறது என்று நினைத்து. மூன்றாவது முறை முழு வேகத்தில். தொடங்கும் முன் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கட்டா தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ முடிந்தால், போகும்போது வைத்த அடியும் திரும்பும்போது வைத்த அடியும் ஒரே நீளம் இல்லை. மூன்று அகே உகேயும், திரும்பி வரும்போது உள்ள மூன்று நேர்குத்தும் ஒரே கோட்டில் எதிரெதிராக நடப்பவை. முதலில் அங்கே அளந்து பாருங்கள்.